வினாகிரி மணத்த திரை

வெள்ளவத்தை,
09.02.2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. நோர்வேயில், உன் பேர்கனில் மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. சுழியோடிகள் சனி, ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். பதில் பிந்தியதற்குப் படகுதான் காரணம். மூன்று கிழமையாக அதன் முகப்புப் பலகைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன்.

1996இல் கட்டிய படகென்று உனக்குத் தெரியும். எஞ்சினுக்கு ஒரு குறையுமில்லை. போய்ச் சேர்ந்தவை, முந்திய சொந்தக்காரர் 2001இல் பூட்டிய இரண்டு திரைகள். எஞ்சின் திரை வெயிலில் கரும்பச்சையாகிவிடும், நிழலில் மட்டும் கொஞ்சம் இரங்கும். மைத்துனர் தொப்பியைக் கழற்றி அதன்மேல் பிடித்து எண்ணெய் அழுத்தம் வாசிப்பார். பின்மூடியைக் கழற்றினால் குப்பென்று வினாகிரி மணம். கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் வெக்கையிலும் ஈரத்திலும் சிதைந்தால் அசற்றிக் அமிலம் கக்குமாம். நான் முதலில் மைத்துனர் அச்சாறுப் போத்தலைக் கவிழ்த்துவிட்டார் என்றுதான் சந்தேகப்பட்டேன்.

மற்றது ஆழமானியும் ஜீபிஎஸ்ஸும் சேர்ந்த பெட்டி. இடத்தைச் சரியாகச் சொல்லும், திகதியை மட்டும் மறந்துவிட்டது. ஜீபிஎஸ் வாரங்களை 1023 வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது எங்கள் பெட்டிக்கு அது விளங்கவில்லை. இன்றைக்கும் அதற்கு 2005. அதன் கணக்குப்படி நீ இன்னும் இந்த அறையில்தான் இருக்கிறாய், மின்சாரக் கட்டணத்தில் உன் பங்கும் பாக்கி.

2022இலேயே மாற்றியிருக்க வேண்டும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய வருடத்தில் திரையின் விலையைக் கேட்கவே மனம் வரவில்லை. ஆனால் ஆழமானி தடுமாறத் தொடங்கியதும் பொறுக்க முடியவில்லை. ‘வூஸ்டர்ஷயர்’ கப்பல் கிடக்கும் இடத்தை அதில்லாமல் எப்படிப் பிடிப்பது? 1917இல் ஜேர்மனியரின் ‘வூல்ஃப்’ போர்க்கப்பல் விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியில் மூழ்கிய கப்பல். ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தட்டையாக வரும் அடித்தளக் கோடு திடீரென்று எழும்பும் அந்தக் கணத்தில்தான் நங்கூரத்தைப் போட வேண்டும்.

நீ போன கோடையில் கொண்டுவந்து தந்த வயர்க்கட்டு பெரிய உதவி. பஞ்சிகாவத்தைக் கடைகளில் கார் வயர்தான் கிடைத்தது. வெள்ளீயம் பூசாத செம்பு உப்புக்காற்றில் என்னவாகும் என்பதற்குப் பழைய வயரே சாட்சி: உறையை உரித்தால் அரை முழத்துக்கு உள்ளே வரை பச்சைக் களிம்பு.

புதிய திரைகள் பேசுவது என்எம்இஏ 2000, படகுக் கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் பாஷை. ஒரு தண்டு வயர், அதிலிருந்து கிளைகள். எங்கள் எஞ்சினுக்கு அந்தப் பாஷை தெரியாது, அதனிடம் கணினியே இல்லை. இடையில் மொழிபெயர்க்கும் பெட்டி ஒன்று பூட்டினோம். தண்டின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி அளந்தால் 60 வர வேண்டும். எனக்கு 120 வந்தது. ஒரு மணி நேரம் வயரை எல்லாம் திட்டிவிட்டுப் பார்த்தால், இரண்டாவது தடை அட்டைப்பெட்டியின் அடியில், பஞ்சுக்குள் பத்திரமாக உறங்குகிறது.

உண்மையான கூத்து அதற்குப் பிறகுதான். தாங்கி நிறைய டீசல் அடித்தோம். திரை 29 வீதம் என்றது. நிரப்பு நிலையத்தில் குறைத்து அடித்துவிட்டான் என்று மைத்துனர் சண்டைக்குப் புறப்பட்டுவிட்டார். குச்சி விட்டுப் பார்த்தேன், வாய் வரை நிற்கிறது. சரி, ஓடிப் பார்ப்போம் என்று போனால், டீசல் எரிய எரிய அளவு ஏறுகிறது! மூன்றிலொரு பங்கு எரித்துவிட்டுக் கரைக்கு வரும்போது 58 வீதம். இப்படி ஒரு படகு இருந்தால் நாட்டின் எரிபொருள் பிரச்சினையே தீர்ந்திருக்கும் என்றார் மைத்துனர்.

தாங்கிக்குள் இருக்கும் மிதவை டீசல் அளவை மின்தடையாகச் சொல்லும். எங்களுடையது ஐரோப்பிய வகை: காலியென்றால் 10 ஓம், நிறைந்தால் 180. மொழிபெயர்க்கும் பெட்டி அமெரிக்கக் கணக்கில் வந்திருக்கிறது: காலிக்கு 240, நிறைவுக்கு 33. இரண்டும் எதிரெதிராக ஓடுகின்றன. அன்றைக்குக் குச்சி விடாமல் திரையை நம்பித் தூரம் போயிருந்தால், கடைசிச் சொட்டு எரியும்போது அது நூறு வீதம் காட்டியிருக்கும். திருத்தம் மெனுவில் ஒரே ஒரு தெரிவுதான். இப்போதும் குச்சி படகில் இருக்கிறது.

ஒரு விடயத்தில் மட்டும் மைத்துனரோடு முட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே பெரிய திரையில் போட வேண்டும் என்றார் அவர். எண்ணெய் அழுத்தத்துக்கு 52 மில்லிமீட்டர் முள் மானி ஒன்றைத் தனிக் குழாயோடு பூட்டியே தீருவேன் என்றேன் நான். தண்டு வயர் ஓரிடத்தில் அறுந்தால் திரைகள் எல்லாம் ஒன்றாகக் கண்மூடும்; முள்ளுக்கு மின்சாரமே தேவையில்லை. தவிர, கண்ணாடி போடாமல் எனக்கு எண்கள் தெரிவதில்லை, முள் சாய்வது ஓரக்கண்ணிலேயே தெரிகிறது. வயதைக் காரணம் காட்டியதும் அவர் விட்டுக்கொடுத்தார். பழைய ஓட்டைகளை மூட மொறட்டுவைத் தச்சர் ஒருவர் தேக்குப் பலகை செய்து தந்தார். படகிலேயே அழகான சாமான் இப்போது அதுதான்.

படகின் அடியில் இருக்கும் ஆழமானியின் உணரியை மாற்றவில்லை. அதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும். சோழகக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்போது எப்படியும் ஏற்றத்தானே போகிறோம்.

நீ ஓகஸ்டில் வருவதாக இருந்தால் 120 ஓம் தடை இரண்டு வாங்கி வா, ஒன்று ஆண் முனை, ஒன்று பெண் முனை. சட்டைப்பையில் அடங்கும். அம்மா உன் முழங்கால் எப்படி என்று கேட்கச் சொன்னார். நல்லெண்ணெய் போட்டுத் தேய்க்கிறாயா என்றும் கேட்டார். இல்லையென்று நானே சொல்லிவிட்டேன்.

உன்,
பழைய அறைத்தோழன்