முதலில் ஓரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, ஆண்டை வைத்தே விலையைச் சொல்லிவிடலாம் என்கிறது. இதை நம்பினால் வாசகர்கள் போலியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நாணயத்தின் ஓரம். 1794 முதல் 1803 வரையிலான வெள்ளி டாலரின் இரு முகங்களிலும் மதிப்பு இருக்காது. அது ஓரத்தில்தான் இருக்கும்: ‘ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்’. முகங்களை அடிப்பதற்கு முன்பே வெறும் வில்லையை உருட்டி இந்த எழுத்தைப் பதித்தார்கள். அதனால் எழுத்து மழுங்கியிருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் குறையில்லை. எழுத்துக்குப் பதில் வரிவரியாகக் கோடு இருந்தால் அது போலி. அரை டாலரின் ஓரத்திலும் 1836 வரை எழுத்துதான் இருக்கும். அந்த ஆண்டுக் கடைசியில் நீராவி இயந்திரத்தில் அடித்த சிறு தொகுதி மட்டும் விலக்கு.

அடுத்தது பின்புறக் கழுகு. மெலிந்த சிறு கழுகு 1798-உடன் முடிந்தது. 1799 டாலரில் மார்பில் கேடயம் தாங்கிய பெரிய கழுகுதான் இருக்க வேண்டும். 1804 என்று ஆண்டிட்ட டாலர் உலகத்திலேயே 16தான் அறியப்பட்டிருக்கிறது. சந்தையில் யாராவது நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் மட்டும் வெள்ளி ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது. அடர்த்தியைப் பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் முதலில் நாணயத்தை நிறுத்துங்கள். இந்த டாலரின் முழு எடை 26.96 கிராம், தேய்ந்தது சற்றுக் குறையும். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்துவிடும். தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

தயவுசெய்து புளியோ திருநீறோ போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் மயிரிழைக் கீறல் விழுந்துவிட்டால் தரச்சான்று நிறுவனங்கள் தர எண் தராமல் ‘துப்புரவு செய்யப்பட்டது’ என்றே எழுதும், விலை படுத்துவிடும். சில டாலர்களில் அரம் பட்ட கோடுகள் இணையாக ஓடுவது உண்டு. எடை கூடிய வில்லையை நாணயச்சாலையிலேயே அராவிய தடம் அது. அச்சு அவற்றின் மேல் விழுந்திருப்பதால் உருவத்தின் மேடான இடங்களிலும் விளிம்பருகிலும்தான் தெரியும். அதைக் கீறல் என்று எண்ணி மெருகேற்றி, நல்ல நாணயத்தையே கெடுத்தவர்கள் உண்டு.

விலைக்கு வருவோம். 2013-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் போன 1794 டாலர், அந்த ஆண்டு நாணயங்களில் மிகச் சிறந்தது. அதே ஆண்டின் தேய்ந்த நாணயம் அதில் சிறு பங்குக்குத்தான் போகும். அரை டாலரில் 1815 என்று ஆண்டிட்டு அடித்தது 47,150. 1836 என்று ஆண்டிட்டது 65 லட்சத்துக்கும் மேல். ஆண்டு, ரகம் (அச்சில் உள்ள சிறு வேறுபாடு), தரம் மூன்றையும் சேர்த்துத்தான் விலை. அதையும் விற்பவர் கேட்கும் தொகையில் தேடாமல், ஏலங்களில் உண்மையில் விற்ற தொகையில் பாருங்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் ஒரு வாசகர்,
சேலம்.