ஹார்மனின்னா தாளம் இல்ல, டோ ரே மி சரிகமவோட காப்பியும் இல்ல

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் களியக்காவிளை பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன், கொஞ்ச தூரம் போனா பாறசாலை, அது கேரளா. 22 வருஷமா எங்க சர்ச் குயர்ல (பாடகர் குழுவுல) பிள்ளைங்களுக்கு பார்ட்ஸ், அதாவது ஒரே பாட்டுல ஒவ்வொரு குரலும் பாட வேண்டிய தனித்தனி வரி, சொல்லிக்கொடுக்கேன், சாயங்காலம் வீட்ல கீபோர்டு கிளாஸும் உண்டு. போன சனிக்கிழமை உங்க மாணவர் பக்கத்துல மேற்கத்திய இசைன்னா என்னன்னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. முதல்ல சந்தோஷமா இருந்துது, வாசிக்க வாசிக்க மனசு கஷ்டமாப் போச்சு. ஹார்மனின்னா தாளத்தோட சேர்ந்த மெலடின்னு ஒரு வரி, ஸ்கேல்னா ராகம்னு ஒரு வரி, மேற்கத்திய இசை பாக்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளர்கிட்ட தான் ஆரம்பிச்சுதுன்னு ஒரு வரி, கடைசியில டோ ரே மிங்கற அவங்க ஸ்வரப் பேரு நம்ம சரிகமவைப் பார்த்து எழுதுனதுன்னு ஒரு வரி. நாலும் தப்பு. பெரியவங்க வாசிச்சா மறந்துருவாங்க, பிள்ளைங்க அப்படி இல்ல, அதான் எழுதுறேன்.

ஹார்மனியை முதல்ல சொல்லிடுறேன். ஸ்வரம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வந்தா மெலடி, ஒரே நேரத்துல ரெண்டு மூணு ஸ்வரம் சேர்ந்து கேட்டா ஹார்மனி, அவ்வளவுதான், தாளத்துக்கு அதுல வேலையே இல்ல. தாளக்கட்டைச் சொல்ற வார்த்தை ரிதம், வேகத்துக்கு டெம்போ. ஸ்கேல்ங்கற வார்த்தையே ஏணிங்கற லத்தீன் வார்த்தையில இருந்து வந்தது, ஸ்வரத்தை படி படியா அடுக்கி வச்சா ஸ்கேல். அந்த ஏணியில எப்படி ஏறணும், எந்தப் படியில நிக்கணும், எந்த ஸ்வரத்தை அசைக்கணும்னு எல்லாம் சேர்ந்தா தான் ராகம். ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கிடுங்க, ரெண்டுக்கும் ஆரோகணம் அவரோகணம் ஒண்ணு தான், ஆனா பாட்டு கேட்டவங்க யாரும் ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லமாட்டாங்க. ஸ்கேல் தான் ராகம்னு பிள்ளைக்கு சொல்லிக்கொடுத்தா ரெண்டு இசையையும் சேர்த்து தப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. இன்டர்வெல்னா ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல உள்ள தூரம், அதுக்கு உதாரணம் நம்ம கையிலயே இருக்கு, ச-வுல இருந்து ப வரைக்கும் ரெண்டு முனையையும் சேர்த்து எண்ணுனா அஞ்சு, அவங்க அதை ஃபிஃப்த்னு சொல்றாங்க, நாம பஞ்சமம்னு சொல்றோம், ரெண்டுக்கும் அர்த்தம் அஞ்சாவது. இதை ஒரு வரி போட்டிருந்தா எந்தப் பிள்ளைக்கும் புரிஞ்சிருக்கும்.

இப்போ அந்த பாக் விஷயம். அவர் பிறந்தது 1685. அதுக்கு முன்னாடி ஆயிரம் வருஷத்துக்கும் மேல இசை இருக்கு. ஸ்வரக்குறிப்போட முழுசா கிடைச்ச பாட்டுல ரொம்ப பழசு ஒரு கல்லறைக் கல்லுல கிரேக்க மொழியில வெட்டுனது, செய்கிலோஸ் கல்வெட்டுன்னு பேரு, இப்ப துருக்கியில இருக்கிற அய்தின் பக்கத்துல கிடைச்சது, கிபி முதல் ரெண்டு நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்புறம் மடங்கள்ல துறவிமார் பாடுன கிரிகோரியன் சான்ட். போப் கிரிகோரி 604ல இறந்துட்டார், அவர் பேரு தான் அதுக்கு இருக்கு, ஆனா இப்ப நாம கேக்குற உருவம் வந்தது 8, 9ஆம் நூற்றாண்டுல, சார்லிமேன் ராஜா குடும்பத்து ஆட்சியில, ரோம்ல பாடுன முறையும் பிரான்ஸ் பக்கத்து முறையும் கலந்து. அதுல கார்டு (ஒரே நேரத்துல சேர்த்து ஒலிக்கிற ஸ்வரக்கூட்டம்) கிடையாது, பார்ட்ஸ் கிடையாது, எல்லாரும் ஒரே மெலடியை பாடுவாங்க, நாம கச்சேரியில கேக்குற மாதிரி ஒத்தை வரி. மேற்கத்திய இசைன்னாலே கார்டுன்னு நினைச்சிட்டிருக்கிற என் பிள்ளைங்க ஒருநாள் அதைக் கேட்டுட்டு, டீச்சர் இது நம்ம ஊரு பாட்டு மாதிரி இருக்கேன்னு கேட்டாங்க. சரியாத் தான் கேட்டாங்க.

அந்த சான்ட்டை எட்டு மோடா, அதாவது எட்டு ஸ்வர வரிசை வகையா, பிரிச்சு வச்சிருந்தாங்க. கீபோர்டுல வெள்ளைக் கட்டை மட்டும் டி-யில இருந்து அடுத்த டி வரைக்கும் வாசிச்சா அது டோரியன், நம்ம காதுக்கு கரகரப்ரியா ஸ்வரம். ஈ-யில தொடங்குனா ஃபிரிஜியன், நம்ம தோடி ஸ்வரம், எஃப்-ல தொடங்குனா லிடியன், கல்யாணி, ஜி-யில தொடங்குனா மிக்சோலிடியன், அது ஹரிகாம்போதி. இந்த நாலுக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி, மொத்தம் எட்டு. ஒரே ஸ்வரங்களை வச்சு ஆரம்ப ஸ்வரத்தை மட்டும் மாத்துற கிரகபேதம் படிச்சவங்களுக்கு இது புதுசே இல்ல. ஸ்வரத்தை அசைக்கிற கமகம் கிடையாது, அதனால ராகம்னு சொல்லிட முடியாது. ஆனா ஒவ்வொரு மோடுக்கும் போய் முடிய வேண்டிய ஸ்வரம்னு ஒண்ணு, அதிகமா நின்னு பாடுற ஸ்வரம்னு ஒண்ணு இருந்துது, நம்ம நியாச ஸ்வரம் மாதிரி, அதனால இன்னைக்கு இருக்கிற மேஜர், மைனர்ங்கற ரெண்டு வகை ஸ்கேலை விட அந்த பழைய மோடு தான் நமக்கு நெருக்கம்னு எனக்கு தோணுது. எங்க ரோட்டு வழியா தான் நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மனை திருவனந்தபுரத்துக்கு கொண்டுபோவாங்க, அங்க மண்டபத்துல முதல் நாள் சங்கராபரணம், ரெண்டாம் நாள் கல்யாணி, நாலாம் நாள் தோடின்னு சுவாதித் திருநாள் கீர்த்தனை பாடுவாங்க. என் கிளாஸ்ல ரெண்டு பிள்ளைங்க பாறசாலையில வாய்ப்பாட்டும் படிக்குதுங்க, அதுங்களுக்கு மோடு சொல்லிக்கொடுக்க எனக்கு பத்து நிமிஷம் கூட ஆகல.

டோ ரே மி எங்க இருந்து வந்துதுன்னு ஊகிக்கவே வேண்டாம், எழுதி வச்சிருக்காங்க. இத்தாலியில அரெஸ்ஸோ ஊர்ல குவிடோன்னு ஒரு துறவி, ஏறக்குறைய 1026ல மைக்ரோலோகஸ்னு ஒரு இசைப் புத்தகம் எழுதுனவர். அந்தக் காலத்துல வார்த்தைக்கு மேல சின்னச் சின்ன கோடு போட்டு பாட்டை எழுதுவாங்க, மேல போகணுமா கீழ வரணுமான்னு தெரியும், எவ்வளவு தூரம்னு தெரியாது, அதனால பாட்டு முன்னாடியே தெரிஞ்சவருக்கு தான் அது பிரயோஜனம். ஒரு பையன் எல்லாப் பாட்டையும் படிச்சு முடிக்க பத்து வருஷம் ஆகும். குவிடோ கோடு கிழிச்சு ஸ்வரத்தை அதுல உக்கார வச்சார், ஃபா கோடு சிவப்பு, டோ கோடு மஞ்சள், அதனால பையன்மார் கேக்காத பாட்டையும் பார்த்தே பாடுனாங்க. இதைக் கேள்விப்பட்டு போப் 19ஆம் ஜானே அவரை ரோமுக்கு கூப்பிட்டார். பிள்ளைங்க ஞாபகம் வச்சுக்கிட அவர் யோவான் ஸ்நானகனைப் பத்துன ஒரு லத்தீன் பாட்டை எடுத்தார், அதுல ஒவ்வொரு அடியும் முந்துனதை விட ஒரு ஸ்வரம் மேல தொடங்கும், அந்த ஆறு அடியோட முதல் எழுத்து தான் உட், ரே, மி, ஃபா, சொல், லா. உட் பின்னாடி 17ஆம் நூற்றாண்டுல டோ ஆச்சு. ஏழாவது ஸி வந்தது அதே பாட்டோட கடைசி அடியில யோவான் பேருல இருந்து, அதை 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல சாரா குளோவர்னு ஒரு டீச்சர் டின்னு மாத்துனாங்க, அவங்க முறையை ஜான் கர்வன் வளர்த்து டானிக் சொல்ஃபான்னு ஆக்குனார், மிஷனரிமார் அதைத் தான் தூக்கிட்டு உலகம் பூரா போனாங்க. எங்க குயர்ல பழைய நோட்டை எடுத்தா எல்லாம் அந்த எழுத்து தான். நம்ம ச ரி க ம ஷட்ஜம் ரிஷபம்னு ஸ்வரத்தோட பேருலயே முதல் எழுத்து, தமிழ்லயும் பழைய காலத்துலயே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஏழு பேரு இருந்துது, சிலப்பதிகாரத்துல பாக்கலாம். நமக்கு இவ்வளவு இருக்கும்போது அடுத்தவன் நம்மைப் பார்த்து காப்பி அடிச்சான்னு சொல்லி தான் பெருமை தேடணுமா?

சேர்ந்து பாடுறது எப்படி வந்துதுன்னு ஒரு வார்த்தை கூட போடலையே, அது தான் எனக்கு ரொம்ப வருத்தம். ஞாயித்துக்கிழமை ஆராதனையில கவனிச்சிருக்கேன், மேல எட்டாத சில ஆம்பிளைங்க தெரியாமலே ஒரு பஞ்சமம் கீழ இருந்து அதே மெட்டை பாடிட்டிருப்பாங்க. 9ஆம் நூற்றாண்டுல எழுதுன மியூசிக்கா என்கிரியாடிஸ்ங்கற நூல்ல இதையே ஒரு முறையா சொல்லியிருக்கு, அதுக்கு ஆர்கனும்னு பேரு. பாரிஸ்ல நோத்ர்தாம் கோயில் வேலை 1163 வாக்குல தொடங்குச்சு, அங்க லியோனின், பெரோட்டின்னு ரெண்டு பேரு இதை எங்கேயோ கொண்டுபோனாங்க, ஒருத்தர் பழைய சான்ட்டோட ஒரு ஸ்வரத்தை தம்புரா மாதிரி நீட்டிப் பிடிச்சிட்டே இருப்பார், மேல மத்தவங்க ஓடுவாங்க. பிடிச்சு வைக்கிறதுக்கு லத்தீன்ல தெனேரே, அதான் டெனர். கொஞ்ச காலம் கழிச்சு டெனருக்கு எதிரா பாடுற பார்ட்டை ரெண்டாப் பிரிச்சாங்க, டெனருக்கு மேல போனது ஆல்ட்டஸ், கீழ போனது பாஸஸ், அதான் இன்னைக்கு ஆல்டோ, பேஸ். ஆல்டோன்னா உயரம்னு அர்த்தம், அப்பம் எங்களை ஏன் டீச்சர் கீழ பாடச் சொல்றீங்கன்னு ஆல்டோ பிள்ளைங்க வருஷா வருஷம் கேக்கும். டெனரை விட உயரம், எல்லாத்துக்கும் மேல பாடுற சொப்ரானோவை விட இல்ல, அதான் பதில். பிரான்ஸ்ல மாஷோங்கற இசையமைப்பாளர் 1360கள்ல ஒரு முழு ஆராதனைக்கே நாலு பார்ட் எழுதியாச்சு, 1501ல வெனிஸ்ல பெத்ரூச்சிங்கற அச்சுக்காரர் பார்ட் பாட்டை அச்சுலயே போட்டுட்டார், இத்தாலி இசையமைப்பாளர் பாலெஸ்ட்ரீனா, 1607ல மோன்தெவெர்தியோட ஓர்ஃபியோ ஆப்பெரா எல்லாம் வந்தப்புறம் தான் பாக். கார்டுங்கறதை ஒரு சாஸ்திரமா பிரெஞ்சு இசையமைப்பாளர் ரமோ எழுதுனதே 1722ல. இன்னொண்ணு, ஜெர்மனியில ஹில்டகார்டுன்னு ஒரு மடத்துத் தலைவி, 1098ல பிறந்து 1179 வரைக்கும் இருந்தவங்க, அவங்க இயற்றுன பாட்டு இன்னும் பாடுறாங்க, என் குயர்ல முக்காவாசி பொம்பளப் பிள்ளைங்க, அவங்க பேரை ஒரு தடவை போட்டிருக்கலாம்.

எழுதுன தம்பி யாருன்னு தெரியாது, திட்டணும்னு எழுதல, அரைப்பக்கத்துல எல்லாம் சொல்ல முடியாதுன்னும் தெரியும். தப்பான நாலு வரிக்கும் திருத்தம் மட்டும் போடுங்க, மூலையில பொடி எழுத்துல போடாம அதே மாணவர் பக்கத்துலயே போடுங்க. என் கிளாஸ்ல ஏழாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை அந்த அரைப்பக்கத்தை அழகா வெட்டி மியூசிக் நோட்டுல முதல் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கா, பேப்பர்ல தானே டீச்சர் போட்டிருக்குன்னு கேக்குறா. கிழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறு மக்கா, சரியானது வந்தா அதுக்கு மேலயே ஒட்டிக்கிடலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு குயர் டீச்சர்,
களியக்காவிளை அருகே, கன்னியாகுமரி மாவட்டம்