ஆண்டறிக்கை: இந்த வருஷம் நம்மகிட்ட வந்த 'ஒண்ணே ஒண்ணு' கார்கள்

எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் எப்ப நடந்துச்சு, யார் யார் வந்தாங்கங்கறதெல்லாம் மினிட்ஸ் புக்ல இருக்கு, கணக்கை பொருளாளர் வாசிப்பாரு, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன்.

இது என்ன காருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னு நம்ம சங்கத்துக்கு இந்த வருஷம் வந்த போட்டோ பூரா ஒரே ரகம்தான். தட்டையா கூரான மூக்கு, மேல தூக்குற கதவு, பேட்ஜ் எதுவும் இல்ல, "80கள்ல கையால செஞ்ச ப்ரோட்டோடைப் (சோதனை மாதிரி), உலகத்துலயே இது ஒண்ணுதான்"னு விக்கிறவர் சொன்னாராம். விக்கிறவர் வேற என்னத்த சொல்லுவாரு?

பெரிய சண்டை அந்த மஞ்சக் காருக்குதான். கதவே கிடையாது, கூரையும் கண்ணாடியும் சேர்ந்தே மேல தூக்கும். நம்ம மூத்த உறுப்பினர் அண்ணன் ஒருத்தர் இது இத்தாலி டிசைன் ஸ்டூடியோ வேலைதான்னு பந்தயமே கட்டிட்டாரு. துணைச் செயலாளர் தம்பி பதில் பேசல, போட்டோவ பெருசு பண்ணி வீல்ல நாலு போல்ட் இருக்கறத காட்டுனாரு, முன்னாடி ரேடியேட்டருக்கு காத்து போக வழியே இல்லையேன்னாரு, அப்புறம் சீட்டுக்குப் பின்னால நடு டன்னல் மேல அடிச்சிருக்கிற நம்பர போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம், வந்துச்சு, பாத்தா ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சேஸிஸ் நம்பர், பீட்டில் எஞ்சின் காத்துலயே குளிர்றது, ரேடியேட்டரே வேண்டாம். அது நோவா வம்சத்து கிட் கார், அதாவது பாகங்களா வாங்கி நாமளே பொருத்திக்கற கார். 1971ல இங்கிலாந்துல ரிச்சர்ட் ஓக்ஸ் டிசைன் பண்ணது, அமெரிக்காவுல ஸ்டெர்லிங்னு, ஆஸ்திரேலியாவுல யுரேகான்னு வேற வேற பேர்ல வித்தாங்க, பீட்டில் அடித்தளத்து மேல ஃபைபர் பாடிய மாட்டிக்க வேண்டியதுதான். அண்ணன் இன்னும் ஒத்துக்கல, அவரோட மாற்றுக் கருத்தும் மினிட்ஸ்ல ஏறியிருக்கு.

இதுக்கு மேல யாரும் முதல்ல பாடியப் பாக்காதீங்கன்னு கேட்டுக்கறேன். மோல்டும் ஃபைபரும் இருந்தா பாடி யாரு வேணா செய்யலாம், ஆனா டெயில் லேம்ப், முன் கண்ணாடி, கதவு கைப்பிடி இதுக்கெல்லாம் அச்சு செய்யற செலவு சின்ன கம்பெனிக்கு கட்டுப்படியாகாது, வெளிய இருந்து வாங்கித்தான் மாட்டுவாங்க. இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் லோட்டஸ் எஸ்ப்ரிட்லயே பாருங்க, டெயில் லேம்ப் ரோவர் எஸ்டி1லருந்து வந்தது, 1987 மாடல்ல டொயோட்டா கொரோலாவோடது, கைப்பிடி மோரிஸ் மரீனாவோடது. லோட்டஸுக்கே அப்படின்னா ஒத்தைக் கார் செஞ்சவர் என்ன பண்ணியிருப்பாரு? ஐரோப்பா லேம்ப் லென்ஸ்ல வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் E எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும், 1 ஜெர்மனி, 2 ஃப்ரான்ஸ், 3 இத்தாலி, 11 பிரிட்டன், அதாவது அந்த பார்ட்டுக்கு அனுமதி குடுத்த நாடு. அத வெச்சு பார்ட்ட தேடுங்க, பார்ட் கிடைச்சா எந்த வருஷத்துக்கு முந்தி அந்தக் கார் இருந்திருக்கவே முடியாதுன்னு தெரிஞ்சிடும்.

பேட்ஜையும் நம்பாதீங்க. 1978 சிடபிள்யூ311 கார் மூக்குல மெர்சிடிஸ் நட்சத்திரம் இருக்கும், செஞ்சது மெர்சிடிஸ் இல்ல, எபர்ஹார்ட் ஷூல்ஸ் டிசைன் பண்ணி ஃப்ராங்க்ஃபர்ட் பிபி கம்பெனி செஞ்சது, அதையே வளத்து 1984ல இஸ்டெரா இம்பரேட்டர்னு அவர் கொண்டுவந்தாரு, கூரை மேல பெரிஸ்கோப் மாதிரி பின்னால பாக்கற கண்ணாடி நிக்குமே அது. கலரும் சாட்சி ஆகாது, ஆஸ்டன் மார்ட்டின் புல்டாக் ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சாங்க, அதுவே வெள்ளியா பொறந்து நடுவுல பச்சையாகி ரெஸ்டோர் பண்ணப்ப திரும்ப வெள்ளியாச்சு. எஞ்சின் ஓடுதுங்கறதும் அப்படித்தான், 1980 ஃபெராரி பினின் ஷோவுல நின்னப்ப ஓடவே ஓடாது, ரொம்ப வருஷம் கழிச்சு வந்த ஓனர்தான் ஓட வெச்சாரு.

17 எழுத்து சேஸிஸ் நம்பர் பத்தி ஒரு வார்த்தை. அமெரிக்காவுல 1981 மாடல்லருந்துதான் அது கட்டாயம், அங்க பத்தாவது எழுத்து மாடல் வருஷம், 1985ன்னா எஃப். ஐரோப்பா கார்ல அந்த இடத்த நம்ப முடியாது. பழைய கார் அடித்தளத்து மேல மாத்திக் கட்டின காருன்னா அது அந்தப் பழைய காரோட நம்பராத்தான் இருக்கும்.

அடுத்த வருஷத்துலருந்து லென்ஸ், முன் கண்ணாடி ஓரத்து முத்திரை, சேஸிஸ் நம்பர், டேஷ்போர்டு இந்த நாலு போட்டோ இல்லாம வர்ற கோரிக்கைய எடுத்துக்கறதில்லன்னு செயற்குழு முடிவு பண்ணியிருக்கு. இன்னும் நிலுவையில இருக்கறது ஒரு கறுப்பு கூபே (ரெண்டு கதவு கார்) மட்டும்தான், லென்ஸ்ல E3 தெளிவா இருக்கு, பார்ட் நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கம் உடைஞ்சிருக்கு, இத்தாலி பழைய லேம்ப் யார்கிட்டயாச்சும் இருந்தா அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க.