குஞ்சோடு கம்பி வலையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆதரவற்ற பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் ஆளுக்கு 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருந்தது. குஞ்சுகளை வாங்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. அன்று ராத்திரி அந்தக் குஞ்சுகளை எங்கே அடைத்திருப்பார்கள்?

நான் பாலக்கோடு வட்டத்தில், ஊரை விட்டுத் தள்ளிக் கொட்டாயில் குடியிருக்கிறேன். நிலத்திலேயே வீடு போட்டுக்கொண்டு இருப்பதை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். தக்காளி, ராகி, இரண்டு மாடு, முப்பது கோழி, இதுதான் எங்கள் பிழைப்பு. கோழி வளர்க்கத் தொடங்கி இருபது வருஷம் ஆகிறது. பருந்துக்கும் கீரிக்கும் காவல் இருந்திருக்கிறேன். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்காகக் கோழிகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். எலியை மட்டும் நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

போன கார்த்திகையில் ராகி அறுவடை முடிந்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. அப்போது எங்கள் சிவப்புப் பெட்டை பன்னிரண்டு முட்டையில் பதினொன்றைப் பொரித்திருந்தது. முதல் ராத்திரி இரண்டு குஞ்சு காணவில்லை. ரத்தமும் இல்லை, இறகும் இல்லை. பாம்பாக இருக்கும் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் பார்த்தால், ஒரு குஞ்சு கூண்டுக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு கால் இல்லை. எலிதான் வெளியே நின்று இழுத்திருக்கிறது, உடம்பு கம்பி ஓட்டையில் நுழையாததால் காலை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

மாட்டுக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் இருந்த வளையை என் மகன் கடப்பாரையால் தோண்டினான். ஒரு முழ ஆழத்தில் கூடை அளவு குழி. அதில் ராகிக் கதிர்கள் வெட்டி அடுக்கி வைத்தாற்போல இருந்தன. பக்கத்தில் ஒரு முனையில் மட்டும் கொறித்த முட்டை ஓடுகள், என் பழைய நீலப் புடவையின் கிழிசல், அதன்மேல் குஞ்சுகளின் மஞ்சள் பூஞ்சிறகு. புடவைத் துண்டையும் சிறகையும் சேர்த்து அது தன் குட்டிகளுக்கு மெத்தை போட்டிருந்தது.

அந்தக் கோபத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடையில் போய் எலி மருந்து கேட்டேன். ஜிங்க் பாஸ்பைடு என்ற கருப்புப் பொடியைக் கொடுத்தார்கள். கருவாட்டில் தடவி, கூண்டைச் சுற்றி வைத்தேன். மறுநாள் இரண்டு எலி செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு எலிகூட அதைத் தொடவில்லை. கொஞ்சமாகத் தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலி மறுபடி அந்த இரைப் பக்கமே வராதாம், கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார். கோழிக்கு அந்த அறிவு ஏது? நாலாம் நாள் ஒரு வெடைக்கோழி கருவாட்டைக் கிளறியிருக்கிறது. மத்தியானத்துக்குள் செத்துப்போனது.

அதோடு போகவில்லை. அன்று சாயங்காலம் மூன்று வயசுப் பேரன் வாசலில் உட்கார்ந்து எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் கருவாட்டுத் துண்டு. எப்படியோ வாசலுக்கு வந்து கிடந்திருக்கிறது. கையைத் தட்டிவிட்டேன். நல்லவேளை வாயில் வைக்கவில்லை. ஐந்து தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, ராத்திரி முழுக்க அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொடி வயிற்றுக்குள் போனால் விஷ வாயுவாக மாறும், அதை முறிக்கத் தனி மருந்து கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டும் அப்படித்தான், கல்லீரலையே அழித்துவிடும். அதை நம் மாநிலத்தில் அரசு தடை செய்திருக்கிறது. வீட்டில் மிச்சம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம் மருந்தை விட்டுவிட்டு வேறு வழி தேடினோம். கோழிவலை என்று விற்கும் ஆறுமூலைக் கண் வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும், எலி உள்ளே வராமல் தடுக்காது. கட்டைவிரல் நுழையும் ஓட்டை இருந்தால் குட்டி எலிக்குப் போதும். அதனால் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் என்ற பற்றவைத்த கம்பி வலையை வாங்கி, கூண்டின் அடி, பக்கம், கதவு எல்லாவற்றுக்கும் அடித்தோம். கீழே ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி, அங்கிருந்து இன்னும் ஒரு அடி வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தோம். எலி சுவர் ஓரமாகத்தான் தோண்டும், தோண்டினால் கம்பியில் முட்டும். ஏறக்குறைய 2,500 ரூபாய் செலவானது. மகனுக்கு இரண்டு நாள் வேலை.

வலையைவிடப் பெரிய மாற்றம் தீனியில்தான் வந்தது. முன்பெல்லாம் மிச்சக் குருணையையும் தவிட்டையும் தட்டிலேயே விட்டுவிடுவேன். ராத்திரியில் எலிக்கு விருந்து வைத்தது நான்தான். இப்போது பொழுது சாயும் முன்பே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். தண்ணீர்ச் சட்டியும் வைப்பதில்லை. தீவனம் மூடி போட்ட தகர டிரம்முக்குப் போய்விட்டது. சுவரை ஒட்டியிருந்த விறகையும் ராகித் தாளையும் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டோம். வளைகளில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் போட்டு அடைத்தோம். பொறி வைக்கும்போது முதல் மூன்று ராத்திரி பூட்டாமல் தேங்காய்ச்சில்லை மட்டும் வைக்க வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும், பழகிய பிறகுதான் வாயை வைக்கும். நாலாம் ராத்திரி பூட்டினோம். ஒரே வாரத்தில் ஒன்பது விழுந்தது. செத்த எலியை வெறும் கையால் தொடக்கூடாது, அதன் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நாங்கள் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்துப் புதைத்தோம்.

தை மாதத்திலிருந்து ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. சுவர் ஓரம் சுற்றிக்கொண்டிருந்த சாரைப்பாம்பையும் இப்போது காணோம். எலி இருந்தால்தானே பாம்பு வரும்? ராத்திரியில் புளியமரத்தில் ஒரு கூகை வந்து உட்காருகிறது. அபசகுனம் என்று விரட்டச் சொன்னார்கள். நான் விரட்டவில்லை. விஷம் தின்ற எலியைத் தின்றால் அதுவும் செத்துப்போகலாம், அதற்காகவும்தான் மருந்தை விட்டேன்.

கால்நடை பராமரிப்புத் துறைக்கு நான் கேட்பது இதுதான். 40 குஞ்சுக்கு ஒரு கூண்டுக்கான வெல்ட் மெஷ்ஷையும் அதே மானியத்தில் சேர்த்துக் கொடுங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலுமிச்சங்கிரி நிலையத்திலும் ஒரு அரை நாள், கூண்டு அடிப்பதைக் கையால் செய்து காட்டுங்கள். பேசிக் காட்டினால் எங்களுக்கு மறந்துவிடும். ஒருமுறை வலையை வெட்டி மடக்கிப் புதைத்துப் பார்த்தால் மறக்காது. குஞ்சு வாங்கும் பெண்களில் பலர் தனியாக இருப்பவர்கள். 2,500 ரூபாய் அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை, கம்பி வெட்டித் தர ஆளும் இருக்காது. எலி வந்தால் அவர்கள் கை முதலில் போவது மருந்துப் பொட்டலத்துக்குத்தான்.

எங்களுக்கு இரண்டு கொட்டாய் தள்ளி, கணவரை இழந்த ஒரு பெண் குஞ்சுக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். மிஞ்சிய வலை நாலு அடியை அவளுக்கென்று சுருட்டி வைத்திருக்கிறேன். அது கதவுக்கு மட்டும்தான் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்