குழந்தைகள் வார்டு கொண்டாட்டம்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். சர்வதேசக் குழந்தைப் பருவப் புற்றுநோய் தினமான பிப்ரவரி 15 அன்று, மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குழந்தைகளுடன் நாம் கொண்டாடவிருக்கிறோம். கீமோதெரபி என்னும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையால், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு நமது சாதாரணச் சளியே ஆபத்தாக முடியும் என்பதால், இருமலோ காய்ச்சலோ உள்ளவர்கள், எவ்வளவு ஆசை இருந்தாலும், அன்று வர வேண்டாம். பூங்கொத்து, ரப்பர் பலூன், பஞ்சு பொம்மை ஆகியவற்றைத் தவிர்த்து, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய புதிய விளையாட்டுப் பொருள்களையே கொண்டு வாருங்கள். ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை மறு கையால் விளையாடக்கூடியதாக இருந்தால் மிகவும் நல்லது. எழ முடியாதவர்களின் படுக்கைக்கு நாமே செல்வோம். களைத்துக் கண்மூடும் குழந்தையை வற்புறுத்த வேண்டாம். பெற்றோரின் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது. வர இயலுபவர்கள் இக்குழுவிலேயே பெயரைப் பதிவு செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.