குளக்கரைக்குப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வர உங்கள் பங்கு வேண்டும்

ஊரில் இருப்பவர்களுக்கும், வேலைக்காக வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஆட்களுக்கும் வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறோம். நம் ஊர்க் குளத்தின் கிழக்குக் கரையைப் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் வந்து ஆடவும் நீந்தவும் ஏற்ற இடமாக்க 2,40,000 ரூபாய் வேண்டும். கையில் இருப்பது 85,000.

நம்மில் 40 வயதைத் தாண்டிய யாருக்கும் ஆள் வைத்து நீச்சல் படிப்பித்ததில்லை. பாசனச் சானலில் அண்ணன் தள்ளிவிட்டான், தண்ணீர் குடித்துத் தத்தளித்து ஒரு வாரத்தில் நீந்தினோம். பள்ளிக்கூடம் விட்டால் கொல்லாமரம் (முந்திரி) ஏறுவது, குட்டியும் கோலும் (கில்லி) ஆடுவது, இருட்டின பிறகு அம்மா கூப்பிட்ட சத்தம் கேட்டுத்தான் வீடு. இன்று குளத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நீலத்தாழைக்கோழியைக் காட்டினால் "இது யாரு வீட்டுக் கோழி?" என்று கேட்கிறது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. படித்துறை உடைந்து கிடக்கிறது, கரையெல்லாம் குப்பிச்சில்லு, பெரியவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. இந்த நிலையில் எந்தத் தாய் தைரியமாக அனுப்புவாள்? போனைக் கையில் கொடுத்து வீட்டுக்குள் இருத்துகிறோம்.

என் மகளுக்கு 8 வயதில் கண்ணாடி, அடுத்த வருடமே பவர் கூடியது. பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள் என்றார் கண் டாக்டர். அப்புறம்தான் தேடிப் படித்தேன். கிட்டப்பார்வை பெருகிப்போன தைவானில் 2010 முதல் பள்ளிப்பிள்ளைகளைத் தினம் 2 மணி நேரம் வெளியே இருக்கச் சொல்கிறார்கள், சில வருடங்களில் பார்வைக் குறைவு இறங்கத் தொடங்கியது. வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் தேவைக்கு மேல் நீளமாக வளராமல் பிடித்து வைக்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். மரநிழலில் நின்றாலே போதும், அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம்.

படித்துறையைக் கட்டி எடுக்க 1,20,000. தினம் நாலரை முதல் ஆறரை வரை கரையிலேயே நின்று நீச்சலும் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு மாதம் 6,000 வீதம் ஒரு வருடத்துக்கு 72,000. ஆள் இல்லாமல் மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை, இதில் குழுவில் எல்லோரும் ஒரே முடிவு. ஆழத்தைப் பிரித்துக் காட்டும் கயிறு, டியூப், முதலுதவிப் பெட்டி 20,000. மீதி 28,000-க்குப் பறவை பார்க்க நாலு பைனாகுலரும், பிள்ளைகளைக் கூட்டிப்போக மாதம் ஒருமுறை வேன் வாடகையும். மணக்குடிக் காயலும் தேரூர் குளமும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வட ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்து அங்கே வந்து இறங்குகிறது, நம் பிள்ளைகள் இன்னும் போய்ப் பார்த்ததில்லை.

சீசா, சறுக்கு வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நம்மூரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், இரும்பு துருப்பிடித்துவிடும், பிள்ளைகளுக்கும் நாலு நாளில் அலுத்துவிடும். மண்ணும் தண்ணீரும் ஏறுவதற்கு ஒரு மரமும் அலுக்காது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. கும்பப்பூ நெல் அறுவடையோடு பிப்ரவரி கடைசியில் அணையை அடைத்துவிட்டால் குளத்தில் தண்ணீர் இறங்கும். ஜூன் மாதம் திறப்பதற்குள் படித்துறை வேலை முடிய வேண்டும், விட்டால் இன்னொரு வருடம் போய்விடும். பஞ்சாயத்தில் எழுத்து மூலமாக அனுமதி வாங்கியாயிற்று.

100 ரூபாய் என்றாலும் சரி, ரசீது உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டு ஆட்கள் வழியாகப் பொருளாளரிடம் கொடுத்தால் போதும். வரவு செலவை மாதாமாதம் நூலகச் சுவரில் ஒட்டுவோம். பணம் தர முடியாதவர்கள் சிமெண்ட், மணல், ஒரு நாள் கொத்தனார் வேலை, எது தந்தாலும் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குக் கரையில் இருப்போம், கட்டன்சாயா உண்டு. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். செருப்பு கட்டாயம், குப்பிச்சில்லு இன்னும் பொறுக்கித் தீரவில்லை.