நெஞ்சில் அடிபட்ட பிள்ளைகள் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இம்மாதத் தொடக்கத்தில் நம் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், சைக்கிளில் வரும் வழியில் வேகத்தடையில் தடுமாறி விழுந்தபோது, ஹேண்டில்பாரின் முனை அவனது வலது மார்பில் குத்தியிருக்கிறது. ரத்தமோ கீறலோ இல்லாததால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் பாடவேளையில் வாசிக்க எழுந்தவன், மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியதைக் கண்டுதான் ஆசிரியை எங்களிடம் அழைத்து வந்தார். வாயுப்பிடிப்பு என்று எண்ணிய நாங்கள், சோடா கொடுத்துப் படுக்க வைத்து அரை மணி நேரத்தை வீணாக்கிவிட்டோம்; அத்தவறு எங்களுடையது. பின்னர் 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, வலது நுரையீரல் பாதியளவு சுருங்கியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. அவன் இப்போது வீட்டில் நலமாக இருக்கிறான். அவனுடைய பெற்றோரின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

நுரையீரல் இயல்பிலேயே சுருங்க முற்படும் உறுப்பு. அதைப் போர்த்தியுள்ள மெல்லிய உறைக்கும் மார்புச் சுவரின் உள்ளுறைக்கும் நடுவே சிறிதளவு திரவம் மட்டுமே உண்டு. அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு என்பதால், ஈரமான இரு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதைப் போல நுரையீரல் மார்புச் சுவரை ஒட்டியே விரிந்து நிற்கிறது. முறிந்த விலா எலும்பு குத்தியோ, அடியின் வேகத்தில் கிழிந்தோ அந்த இடைவெளியில் காற்று புகுந்துவிட்டால் அப்பிடிப்பு விட்டுப்போய் நுரையீரல் சுருங்குகிறது. பிள்ளைகளின் விலா எலும்புகள் வளையக்கூடியவை. அவை முறியாமல் வளைந்து நிமிர்ந்துவிட, அடியின் விசையில் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே எலும்பு முறியவில்லை என்பது மட்டுமே ஆறுதல் ஆகாது.

இதைவிட அஞ்ச வேண்டிய நிலை ஒன்று உண்டு. கிழிந்த இடம் சில வேளைகளில் சைக்கிள் டியூபின் வால்வைப் போல நடந்துகொள்ளும்: ஒவ்வொரு மூச்சிலும் காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. சேர்ந்துகொண்டே போகும் அந்தக் காற்று இதயத்தையும் பெரிய ரத்தக் குழாய்களையும் மறுபக்கம் தள்ளுகிறது. உடலெங்குமிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் மெல்லிய சுவர் கொண்டவை என்பதால் எளிதில் நசுங்கிவிடும். வந்து சேராத ரத்தத்தை இதயம் எப்படி வெளியே அனுப்பும்? நாடி படபடக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது, உடல் குளிர்ந்து வியர்க்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது, கழுத்துச் சிரைகள் புடைக்கவும் கூடும். சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திராமல் மருத்துவர்கள் மார்பில் ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். மார்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து தேங்கினாலும், ஒரு சொட்டும் வெளியே தெரியாமல் இதே வீழ்ச்சி நேரலாம்.

நம் மாணவனுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. விலா எலும்புகளுக்கு இடையே குழாய் செருகி, அதன் மறுமுனையைப் பாட்டில் தண்ணீரில் மூழ்க வைத்திருந்தார்கள். அவன் இருமும்போதெல்லாம் அதில் குமிழிகள் எழுந்தன. அதைக் கண்டு அவன் பாட்டி பதறினார். உண்மையில் அவை உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறும் அடையாளம்.

எனவே, நெஞ்சில் பலமாக அடிபட்ட பிள்ளைக்கு மூச்சுத் திணறலோ, மூச்சு இழுக்கும்போது குத்தும் வலியோ இருந்தால், தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கழுத்திலோ முதுகிலோ அடி இல்லையென்றால், அவர்களுக்கு மூச்சுவிட எளிதாக இருக்கும் நிலையில் சாய்ந்து உட்காரட்டும். காலையில் விழுந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், காயம் இல்லாவிட்டாலும் வகுப்பாசிரியரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சைக்கிள் ஹேண்டில்பார் முனைகளின் ரப்பர் உறை கிழிந்து இரும்பு வெளியே தெரிகிறதா என்பதையும் இவ்வாரமே பாருங்கள். திங்கட்கிழமை முதல் உடற்கல்வி ஆசிரியரும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அதைச் சோதிப்பார்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்